ஃபுல்பேக்கிடம் யார் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பழைய பயிற்சியாளருக்கு விடைகொடுத்துவிட்டுப் புதியவரை மேடையேற்றி, "இனி நம் அணி வேறு மாதிரி ஆடும்" என்று நீங்கள் அறிவிக்கும் கூட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வேகம், நவீனம் என்ற சொற்கள் தவறாமல் வரும். பழைய ஆட்டத்துக்கென்றே வீடு தேடிப் போய் அழைத்துவந்த மாணவர்களைப் பற்றி மட்டும் பேச்சே எழாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை அங்கே ட்ரிபிள் ஆப்ஷன் என்ற ஓட்ட ஆட்டத்தை ஆடவைத்தார். அந்த ஆட்டத்தில், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து வந்ததும் மூன்று வழிகள் திறக்கும்: அவனுக்குப் பின்னே நின்று நேரே பாயும் ஓட்டக்காரனான ஃபுல்பேக்கின் வயிற்றில் திணிக்கலாம், தானே வைத்துக்கொண்டு ஓடலாம், பக்கவாட்டில் ஓடிவருபவனுக்குத் தட்டிவிடலாம். எதிரணியில் ஓரிருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டு, அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்த்து நொடியில் முடிவெடுக்க வேண்டும். பந்தை எறிவது அபூர்வம். சலிப்பூட்டும் ஆட்டம் என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அதைப் பார்க்கப் பார்க்கத்தான் இந்த விளையாட்டே புரிந்தது. அதே ஆட்டத்தை ஆடித்தான் 2014 பருவத்தில் அந்த அணி 11 ஆட்டங்களை வென்றது. பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 49-34 என்று வீழ்த்தியது.

2019இல் புதிய பயிற்சியாளராக ஜெஃப் காலின்ஸ் வந்தார்; பந்தை எறியும் ஆட்டத்துக்கு அணி மாறியது. முதல் ஆண்டில் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்று, ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் தி சிட்டடெல் அணியிடம், சொந்த மைதானத்தில், கூடுதல் நேரத்தில் வாங்கிய 27-24 தோல்வி. தி சிட்டடெல் ஆடியதும் ட்ரிபிள் ஆப்ஷன்தான்! விதிக்கு இவ்வளவு குறும்பு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. 2022 பருவத்தின் நான்காவது ஆட்டத்தோடு காலின்ஸ் நீக்கப்பட்டபோது அவர் கணக்கில் 10 வெற்றி, 28 தோல்வி.

பழியை ஒருவர் தலையில் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆட்டமுறை மாறினால் உடல்களே மாற வேண்டும். ஆப்ஷன் அணியின் முன்வரிசைக்காரன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, எடையை முன்னே சாய்த்து, விசிலுக்காகக் காத்திருக்கும் ஓட்டக்காரனைப்போல் நிற்பான். பந்து நகர்ந்ததும் எதிரியின் கால்களுக்குள் பாய வேண்டும். அதற்கு எடை குறைவாகவும் கால் வேகமாகவும் இருக்க வேண்டும். எறியும் ஆட்டத்தில் அவனே நிமிர்ந்து, பின்வாங்கியபடி, குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டும். அதற்குப் பருத்த உடலும் நீண்ட கையும் தேவை. அவனுக்குச் சத்துணவு கொடுத்து எடை ஏற்றலாம். கையை எப்படி நீட்டுவது? ஃபுல்பேக்கின் நிலைமை இன்னும் மோசம். புதிய ஆட்டத்திட்ட ஏட்டில் அவனுக்கு இடமே கிடையாது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தை முன்பே கற்றது. 2003இல் 9 வெற்றி, 3 தோல்வி பெற்ற பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை அனுப்பிவிட்டு, ஓட்ட ஆட்டத்தால் தேசியப் பட்டங்கள் வென்ற அணியை எறியும் ஆட்டத்துக்குத் திருப்பினார்கள். 2004இல் 5 வெற்றி, 6 தோல்வி. 1961க்குப் பிறகு முதல்முறையாகத் தோல்விப் பருவம். தொடர்ந்து 35 ஆண்டுகள் பௌல் ஆட்டம் கண்ட வரலாறும் அதோடு அறுந்தது.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நேரம் ஆட்ட விதியே மாறச் சொல்கிறது. இடுப்புக்குக் கீழே மறிப்பதை 2022இல் முன்வரிசையின் நடுப்பகுதிக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள். ஆப்ஷன் அணிகளுக்கு அது பெரிய அடி. ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி 2023இல் குவார்ட்டர்பேக்கைப் பின்தள்ளி நிறுத்தும் புது ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்தது, 6-6இல் முடிந்தது. 2024இல் பழைய வழிக்கே திரும்பி, 12 ஆட்டங்களை வென்று, தன் வரலாற்றின் முதல் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக்) பட்டத்தையும் எடுத்தது. அங்கே ஜெஃப் மோன்கன்தான் தொடர்ந்து தலைமைப் பயிற்சியாளர். தான் அழைத்துவந்த மாணவர்களால் என்ன முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் புதியவருக்கு அது தெரியாது.

"கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே, வேறு கல்லூரிக்குப் போகட்டும்" என்பீர்கள். எறியத் தெரிந்த குவார்ட்டர்பேக் போவான். ஆப்ஷன் ஃபுல்பேக் எங்கே போவான்? அந்த ஆட்டத்தை இன்னும் ஆடும் பெரிய அணிகளை விரல்விட்டு எண்ணலாம். அவற்றிலும் முக்கியமானவை ராணுவக் கல்லூரிகள். ஆட்டம் பிடிக்கும் என்பதற்காக யாரும் ராணுவ அதிகாரி ஆகிவிட முடியுமா?

ஆட்டத்திறனைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களும் 2015இல் விதி செய்துகொண்டது எனக்குத் தெரியும். காகிதத்தில் அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் "உனக்கு இங்கே ஆட இடமிருக்காது" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னாலே போதும், பத்தொன்பது வயதுப் பையன் தானே பெட்டி கட்டிவிடுவான்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பட்டம் முடிக்கும்வரை உதவித்தொகை உண்டு, ஆடுகிறானோ இல்லையோ அணியில் இடமும் உண்டு என்று பழைய ஆட்டத்துக்காக வந்த ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். புதிய பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலும் அதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். அறிவிப்பு நாளன்று காலையில், அந்தத் தாளோடு நீங்களே போய் ஃபுல்பேக்கின் விடுதி அறைக் கதவைத் தட்டுங்கள். பத்திரிகையாளர்களை மாலையில் சந்தித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மேல்வரிசை இருக்கையில் அமர்ந்து பார்க்கும் ஒரு ரசிகன்