எண்ணுக்கு இடம் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை 30 ஆண்டுகளுக்கும் மேலாக வாங்கிவரும் வாசகன் நான். சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், சுடோகுப் புதிருக்கு மேலே அச்சாகியிருந்த ஒரு குறிப்பைப் பற்றியே இந்தக் கடிதம். 81 கட்டங்கள், அவை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு கிடை வரிசையிலும் நெடு வரிசையிலும் பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வர வேண்டும், அதுதான் சுடோகு. காலிக் கட்டத்தில் பொருத்தமாகத் தோன்றும் எண்ணை எழுதிப் பார்க்க வேண்டும், சரிவராவிட்டால் அழித்துவிட்டு வேறு எண்ணை எழுத வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் சாரம். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுடோகுவை முதன்முதலாகக் கையில் எடுக்கும் ஒரு குழந்தைக்கு இதைவிடத் தவறான வழியைக் காட்ட முடியாது என்று உறுதியாகச் சொல்வேன். அதன் விளைவை அன்று மாலையே என் கண்ணால் பார்த்தேன்.

பெரம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அன்று மாலை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தாத்தா, இது வரவே மாட்டேங்குது" என்று நீட்டினாள். பார்த்தால், வலப்பக்க மேல் மூலையில் ஒரு கட்டத்தை எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்ததில், செய்தித்தாள் மாவாகத் திரிந்து, கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. ரப்பர் துகள்கள் தாளோடு ஒட்டிக் கிடந்தன. குறிப்பில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் கடிதங்களைப் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் முன்னால் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட மரச்சட்டம் நிற்கும். ஓர் அறையைப் பார்த்து, இதற்குள் எந்தக் கடிதம் போகலாம் என்று கட்டுக் கட்டாகத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு வண்டிக்கும் தபால் போய்ச் சேர்ந்திருக்காது. கையில் ஒரு கடிதத்தை எடுக்க வேண்டும், இது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுடோகுவின் அடிப்படை உத்தியும் இதுவேதான். காலிக் கட்டத்தைப் பார்த்து, இங்கே என்ன எண் வரும் என்று கேட்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஓர் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தப் பெட்டிக்குள் இதற்கு எது இடம் என்று கேட்க வேண்டும்.

இந்தப் புதிரின் பழைய பெயரே இதைத்தான் சொல்கிறது. சுடோகு ஜப்பானில் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய வடிவத்தில் இதை உருவாக்கியவர் ஹாவர்டு கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979ஆம் ஆண்டில் டெல் என்ற பதிப்பகத்தின் புதிர் இதழில் இது வெளியானபோது அதற்கு 'நம்பர் பிளேஸ்' என்று பெயர். எண்ணின் இடம்! 1984இல் ஜப்பானின் நிக்கோலி பதிப்பகம் இதை எடுத்துக்கொண்டு, எண்கள் தனியாகவே இருக்க வேண்டும் என்ற பொருள்படும் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தலைப்பாக்கியது. அதைச் சுருக்கியதே சுடோகு. பிறகு ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கூல்டு, 1997இல் டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைப் பார்த்து, புதிர்களை உருவாக்கும் கணினி நிரலைப் பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அவருடைய புதிரை வெளியிட்ட பிறகுதான் உலகெங்கும் நாளிதழ்களுக்கு இது பரவியது. பெயர் மாறியதில் 'இடம்' என்ற சொல் உதிர்ந்துபோனது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படும்.

அந்தப் பெண்ணுக்கு நான் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். தாளில் ஓட்டை விழுந்துவிட்டதால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் புதிதாகக் கட்டம் வரைந்து, அச்சில் இருந்த எண்களை மட்டும் பெயர்த்து எழுதினோம். அச்சில் அதிக முறை வந்திருக்கும் எண் எது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 7 என்றாள். மேலே உள்ள மூன்று பெட்டிகளை மட்டும் பார்க்கச் சொல்லி மீதியைக் கையால் மறைத்துக்கொண்டேன். இடப்பக்கப் பெட்டியில் 7 முதல் கிடை வரிசையில் இருந்தது. நடுப் பெட்டியில் மூன்றாவது கிடை வரிசையில் இருந்தது. வலப்பக்கப் பெட்டியில் 7 இல்லை. ஒரு வரிசையில் ஓர் எண் ஒரே முறைதான் வரலாம் என்பதால், வலப்பக்கப் பெட்டியின் 7 முதல் வரிசையிலும் வர முடியாது, மூன்றாவதிலும் வர முடியாது. இரண்டாவது வரிசையில்தான் வந்தாக வேண்டும். அங்கே அந்தப் பெட்டிக்குரிய மூன்று கட்டங்களில் முதலாவதில் 4 அச்சாகியிருந்தது. மிச்சம் இரண்டு. இப்போது கையை எடுத்தேன். கடைசி நெடு வரிசையில் விரலை வைத்துக் கீழே இறங்கச் சொன்னேன். ஆறாவது வரிசையில் ஒரு 7 நின்றிருந்தது. அப்படியானால் கடைசிக் கட்டமும் கிடையாது. நடுவில் இருந்த ஒற்றைக் கட்டம்தான் 7இன் இடம். எந்தக் கட்டத்தை அழித்து அழித்து ஓட்டையாக்கியிருந்தாளோ அதே கட்டம்.

அதோடு நிற்கவில்லை. அந்த 7ஐ எழுதியவுடன் எட்டாவது நெடு வரிசைக்கும் 7 வந்துவிட்டது. ஒன்பதாவதில் ஏற்கெனவே இருக்கிறது. எனவே வலப்பக்கக் கீழ்ப் பெட்டியின் 7 ஏழாவது நெடு வரிசையில்தான் இருக்க வேண்டும். அங்கே இரண்டு கட்டங்களில் எண்கள் அச்சாகியிருந்தன, ஒன்றே காலி. இதை நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். ஒரு விடை அடுத்த விடைக்குக் கதவைத் திறப்பதைக் கண்ட அந்த முகத்தைப் பார்த்திருந்தால், ஆசிரியர் அவர்களே, நான் ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்பது தங்களுக்குப் புரிந்திருக்கும்.

கணக்குப் பாடத்துக்குப் பயந்து இந்தப் பக்கத்தையே புரட்டாதவர்கள் உண்டு. என் மனைவியும் அப்படித்தான் இருந்தார். மாயச் சதுரத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் அது. மாயச் சதுரத்தில் எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். நம் ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியது. சுடோகுவில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒன்று முதல் ஒன்பதுக்குப் பதிலாக 'அ' முதல் 'ஐ' வரை ஒன்பது உயிரெழுத்துகளை வைத்தாலும் புதிர் அணுவளவும் மாறாது. என் மனைவிக்கு நவக்கிரக சன்னதியை வைத்துச் சொன்னேன். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பேர் நிற்கிறார்கள், ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க மாட்டார், ஒருவரும் விடுபட மாட்டார். அதுதான் ஒரு பெட்டி. அன்றிலிருந்து எனக்கு முன்னால் அவர் பேப்பரை எடுத்துவிடுகிறார்.

கட்டத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கும் நேரம் உண்டு. ஆனால் அது பிற்பாடு வர வேண்டியது. ஒரு கட்டத்தின் கிடை வரிசையில் 1, 4, 8, நெடு வரிசையில் 2, 6, 9, பெட்டியில் 3, 7 என்று எட்டு எண்களும் வந்துவிட்டால், அங்கே 5 தவிர வேறெதுவும் வர முடியாது. பாதிக்கு மேல் நிரம்பிய புதிரில் இது சட்டென்று கண்ணில் படும். காலியாகக் கிடக்கும் தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவது புதியவர்களைக் களைப்படையச் செய்யும் வேலை.

நான் மிகவும் விரும்பும் படி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இடப்பக்க நடுப் பெட்டியில் 3 எங்கே வரும் என்று தேடுகிறோம். இரண்டு கட்டங்கள் மிஞ்சுகின்றன, இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியவில்லை. புதியவர் இங்கே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த இரண்டு கட்டங்களும் ஒரே ஐந்தாவது கிடை வரிசையில் இருந்தால், அந்த வரிசைக்குரிய 3 இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது தீர்ந்துபோன விஷயம். ஆகவே அதே வரிசையில் பக்கத்துப் பெட்டிகளில் 3 வர முடியாது. பக்கத்துப் பெட்டியில் 3க்கு மூன்று இடங்கள் இருந்து, அவற்றில் இரண்டு ஐந்தாவது வரிசையில் இருந்தால், மூன்றாவது கட்டத்தில் தைரியமாக 3ஐ எழுதிவிடலாம். இங்கே எந்தக் கட்டம் என்று தெரியாமலே, அங்கே எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடுகிறது. இப்படி இரண்டே இடம் மிஞ்சும்போது மட்டும் கட்டத்தின் மூலையில் பென்சிலால் சிறு எண்ணாகக் குறித்துக்கொள்வது போதும். எல்லாக் கட்டத்திலும் எல்லா எண்களையும் முதலிலேயே குறித்து வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மிகக் கடினமான புதிர்களுக்கு அது தேவைப்படலாம். நாளிதழின் நகக்கண் அளவுக் கட்டத்தில் அப்படி எழுதினால் எறும்பு மொய்த்தது போல் இருக்கும், இருப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

குத்துமதிப்பாக நிரப்புவது ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விதிப்படி நிரப்பப்பட்ட சுடோகுக் கட்டங்கள் மொத்தம் எத்தனை இருக்க முடியும் என்று ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ் ஆகிய இருவர் 2005இல் கணக்கிட்டார்கள். கோடியைக் கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடியும் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணைப் போல் ஆறரை மடங்குக்கும் அதிகம் அது. அச்சிட்ட எண்கள் அத்தனையையும் விலக்கி ஒன்றே ஒன்றை மிச்சம் வைக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் அந்த ஒன்றுக்குப் போக வேண்டும். தவிர, ஊகித்து எழுதிய எண் தவறென்றால் அது அப்போதே தெரிவதில்லை. இருபது கட்டங்கள் தாண்டி ஒரு வரிசையில் இரண்டு 6 வந்து நிற்கும்போதுதான் தெரியும். எங்கே பிசகியது என்று அப்போது யாராலும் பின்னால் போய்ப் பார்க்க முடியாது.

இதையொட்டித் தங்கள் நாளிதழின் மீது எனக்குள்ள ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமைப் புதிரில் நான் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். கடைசியில் நான்கு கட்டங்கள் மிஞ்சின. இரண்டு நான்காவது கிடை வரிசையில், இரண்டு அதற்கு நேர்கீழே ஐந்தாவதில். நெடு வரிசைகளோ இரண்டாவதும் எட்டாவதும். நான்கிலும் 2 அல்லது 8 மட்டுமே வர முடியும். மேலே 2, 8 என்றும் கீழே 8, 2 என்றும் எழுதினாலும் சரி, தலைகீழாக மாற்றி எழுதினாலும் சரி, எந்த விதியும் மீறப்படவில்லை. இரண்டு விடை உள்ள புதிர் புதிரே அல்ல. மறுநாள் வந்த விடையையும் புதிரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புதிர் வழக்கமாக இருக்கும் சமச்சீர் அமைப்பில் ஓர் எண்ணுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்தில் ஜோடி இல்லை. அச்சில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே ஓர் எண்தானே என்று இதை விட்டுவிட முடியாது. ஒரே விடை கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்களாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை டப்ளினில் கேரி மெக்வயரின் குழு கணினியில் மாதக்கணக்காக ஓட்டி 2012இல் நிறுவியது. பதினேழுக்கு மேல் இருந்தாலும் ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடக்கூடும். அன்று எத்தனை பேர் தங்கள் அறிவின் மீதே சந்தேகப்பட்டு அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்களோ என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் மூலப் புதிரோடு எண்களை ஒருவர் உரக்கப் படித்து, மற்றவர் சரிபார்த்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

என் வேண்டுகோள் இதுதான். மறுநாள் தாங்கள் வெளியிடும் விடையில் 81 எண்கள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்காவது விடையைப் பார்த்தால் குறிப்பு விளங்கிவிடும். சுடோகுவின் விடையைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே விடைக்குக் கீழே நான்கு வரியில், முதல் எண் எங்கே, எந்தக் காரணத்தால் விழுந்தது என்பதையும், சிக்கிக்கொள்ளக்கூடிய ஓர் இடத்தை எப்படிக் கடப்பது என்பதையும் தினமும் எழுதுங்கள். சிறுவர் பக்கத்தின் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, 'அதிக முறை வந்திருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாத பெட்டியில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள்' என்று அச்சிடுங்கள். பக்கத்தில் இடம் போதவில்லையென்றால் விடைக் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம், அதில் யாரும் எழுதப் போவதில்லை. புதிர்க் கட்டத்தை மட்டும் தயவுசெய்து இப்போதைவிடச் சிறிதாக்க வேண்டாம்; எதிர்வீட்டுப் பெண் இப்போது மூலையில் சிறு எண் குறிக்கப் பழகியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை.