மேற்கு ஜன்னல் ஓரத்துக் கணினிக்காக ஒரு திறந்த மடல்

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகக் குழுவினருக்கு, வணக்கம்.

நெல் இலை நோய்களைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஏஐ மாடலுக்கு ட்ரெயினிங் இழுத்துக்கொண்டே போவதற்கு மாணவர்களின் நிரல்தான் காரணம் என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். கூடவே 8 புதுக் கணினிகள் வாங்கவும் முடிவெடுத்தீர்கள். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் கயிறு பிடித்து நடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் கடைசி ஆளும் நட்டு முடித்தால்தான் கயிறு நகரும். எங்கள் 16 கணினிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் பங்குப் படங்களைப் பார்த்து கிரேடியன்ட் கணக்கிடும்; அதாவது மாடலுக்குள் இருக்கும் எண்களை (எடைகளை) எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினால் தப்பு குறையும் என்ற கணக்கு. பதினாறும் வந்து, சராசரி எடுத்த பிறகே அடுத்த படி. வயலில் ஒருவர் பின்தங்கினால் முதலில் அவரைத் திட்டுவதில்லை. நாற்று முடி கைக்கு வந்ததா, அங்கே சேறு ஆழமா என்றுதான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் நாங்களும் அப்படிப் பார்த்தோம். 15 கணினிகள் ஒரு படியை 2 விநாடியில் முடித்தன. மேற்கு ஜன்னல் ஓரத்தில் இருப்பதற்கு மட்டும் 5 விநாடி. திறந்து பார்த்தால் விசிறி இறக்கையில் புழுதி அப்பிக் கிடந்தது, மேல்தகடு கை வைக்க முடியாத சூடு. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 16,384 ஜிபியு சிப்களில் லாமா 3 என்ற மொழி மாடலைப் பழக்கிய மெட்டா நிறுவனமே, நண்பகல் வெப்பத்தால் வேகம் 1 முதல் 2 சதவீதம் மாறியதாக 2024 அறிக்கையில் எழுதியிருக்கிறது.

யாருக்கும் காத்திராமல் ஓட்டலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஓட்டலாம். ஆனால் தாமதமாக வரும் கிரேடியன்ட் பழைய எடைகளை வைத்துப் போட்ட கணக்கு. மாடலைத் தப்பான பக்கம் தள்ளக்கூடும். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வேறு வழி காட்டினார்கள்: சில கணினிகளை உபரியாக ஓட்டி, முதலில் வந்தவற்றை மட்டும் சேர்த்து, பிந்தியதை விட்டுவிடுவது. நல்ல வழிதான். ஆனால் நம் ஏற்பாட்டில் வேதாரண்யம் கடைமடை வயல்களின் படங்கள் அந்த ஜன்னல் ஓரத்துக் கணினியில் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அதை விட்டால் அந்த வயல்களை மாடல் கற்கவே கற்காது. ஆகவே முதலில் படங்களை எல்லாக் கணினிகளுக்கும் கலந்து பிரிக்க வேண்டும்.

எட்டைக் கூட்டினாலும் கயிறு கடைசி ஆளுக்காகத்தான் நிற்கும். ஆட்கள் கூடக்கூட யாராவது ஒருவர் பிந்தும் வாய்ப்பும் கூடும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் இரண்டு வாங்குங்கள், உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

புழுதியை நாங்களே துடைத்துவிட்டோம். படங்களையும் இந்த வாரம் கலந்துவிடுவோம். அந்த ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்று வேண்டும். அப்புறம், கூட்டக் குறிப்பில் மாணவர்களைப் பற்றி எழுதிய அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக மாணவர்கள் சார்பில் ஒருவர்