பிறந்த வீட்டில் கேட்டால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜப்பானில் பிரசவித்த பெண்களிடம் பத்துக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தமிழ்நாட்டிலும் எல்லா மருத்துவமனைகளிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை சொன்னது. கொண்டுவரட்டும், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்தத் தாளை எப்போது கொடுப்பது, யார் பக்கத்தில் இருக்கும்போது கொடுப்பது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான் திருநெல்வேலிக்காரி. ஜப்பானியரை மணந்து சைத்தாமாவில் குடியிருக்கிறேன். என் நாத்தனாருக்கு இந்த ஏற்பாட்டில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் அவள்தான்.

எடின்பரோ அளவுகோல் எனப்படும் அந்தக் கேள்வித்தாள் 1987இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா, அழுகை வந்ததா என்று கேள்விகள் போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பிரிட்டனில் 13ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1996இல் ஜப்பானிய மொழியில் சோதித்துப் பார்த்தபோது இங்குள்ள தாய்மார்களுக்கு 9 என்ற எல்லையே பொருந்தியது. இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த எனக்கு அதில் வியப்பில்லை. பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தபோதும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் சமைத்தவர் என் மாமியார். அவர் வளர்த்த மகள் தாளில் மட்டும் தன் வேதனையை முழுதாக எழுதிவிடுவாளா?

2017 முதல், பிரசவமான இரண்டாம் வாரமும் முதல் மாத முடிவிலும் தாய்க்குச் செய்யும் பரிசோதனைக்கு ஜப்பானில் அரசு உதவித்தொகை தருகிறது. இந்தக் கேள்வித்தாளும் அப்போது கொடுக்கப்படுகிறது. தேவை எவ்வளவு பெரிது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கர்ப்ப காலத்திலோ பிரசவமான ஓராண்டுக்குள்ளோ இறந்த பெண்கள் 357 பேர் என்றும், அவர்களில் 102 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்றும் தேசியக் குழந்தைநல ஆய்வு மையம் 2018இல் அறிவித்தது. புற்றுநோயையும் இதயநோயையும் தாண்டி அதுவே முதல் காரணம். பிரசவத்தில் தாய் இறப்பது மிக மிக அரிதாகிவிட்ட நாடு இது. கர்ப்பம் பதிவானதுமே தாய்-சேய் கையேட்டைக் கொடுத்து, அதில் எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நாடு. இங்கேயே இந்த நிலை.

இந்தப் பரிசோதனைகளின் தேதியில்தான் எனக்குக் குறை தெரிகிறது. இங்கும் தாய்வீட்டுப் பிரசவம் உண்டு. 'சாத்தோகாயேரி' என்பார்கள். எட்டாம் மாதம் வாக்கில் பெண் அம்மா வீட்டுக்குப் போய், அந்த ஊர் மருத்துவமனையில் பெற்று, ஒரு மாதம் போல அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். என் நாத்தனார் தோக்கியோவிலிருந்து நீகாத்தா மாநிலம் நாகாவோக்காவுக்கு வந்தாள். பனிக்காலம், வாசலில் இடுப்பளவு பனி. மாமியார் அவளைத் துணி துவைக்கக்கூட விடவில்லை. இரவில் பால் கொடுத்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். இரண்டாம் வாரப் பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப்போனதும் அவரே. காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, மடியில் அட்டையை வைத்து அவள் அந்தத் தாளை நிரப்பினாள். மொத்தம் 4. முதல் மாதமும் ஏறக்குறைய அப்படித்தான். 'நலம்' என்று கையேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே கோயிலுக்குப் போய்க் குழந்தையைச் சாமிக்குக் காட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, அவளைத் தோக்கியோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏற்றிவிட்டோம்.

பரிசோதனை இரண்டும் முடிந்த அந்த நாளில்தான் அவளுடைய தனிமை தொடங்கியது. தோக்கியோவின் கோத்தோ வட்டத்தில் ஒன்பதாம் மாடிக் குடியிருப்பு. கணவர் காலை ஏழுக்குப் போனால் இரவு பத்துக்கு வருவார். 2022 அக்டோபரிலிருந்து குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் தந்தையும் நான்கு வாரம் வரை விடுப்பு எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. 'நீதான் அம்மா வீட்டில் இருக்கிறாயே' என்று அவர் எடுக்கவில்லை. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தொலைபேசியில் நான் கேட்டால் குழந்தையின் எடையைச் சொல்வாள், பால் அளவைச் சொல்வாள். தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள்.

அவள் நிலையைக் கண்டுபிடித்தது அந்த வட்டத்தின் உள்ளாட்சி அனுப்பிய சுகாதாரச் செவிலியர். நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருக்கும் எல்லா வீடுகளுக்கும் ஒருவர் நேரில் போக வேண்டும் என்ற திட்டம் இங்கே 2009 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. தாய்வீட்டில் இருந்ததால் அவளுக்கு அந்த வருகை தள்ளிப்போய், மூன்றாம் மாதத்தில் நடந்தது. அன்று வீட்டில் வேறு யாருமில்லை. வந்த அம்மாள் முதலில் கையைக் கழுவிக் குழந்தையை எடைபோட்டு, பிறகு தன் மடியில் வைத்துக்கொண்டு, 'நீங்கள் மெதுவாக எழுதுங்கள்' என்றாராம். அதே பத்துக் கேள்விகள். இந்த முறை 15. கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே பேச வேண்டும். அந்த அம்மாள் பேசினார். எப்போது வந்தது, எத்தனை முறை, இப்போதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, பதற்றமே காட்டாமல் கேட்டார். அன்று மாலையே கணவரை அழைத்துப் பேசினார். அந்த வாரத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தாயிற்று. தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுக்கக்கூடிய மருந்து உண்டு என்று மருத்துவர் சொன்னதும் அவளுக்குப் பாதி பயம் போனது. பகலில் தாயும் சேயும் போய் இருந்து, தாய் இரண்டு மணிநேரமாவது தூங்கி எழக்கூடிய பராமரிப்பு மையத்திலும் இடம் கிடைத்தது. இத்தகைய பராமரிப்புக்கு முயல்வது உள்ளாட்சிகளின் கடமை என்று 2021 ஏப்ரலிலிருந்து சட்டம் சொல்கிறது. குணமாகப் பல மாதங்கள் ஆயின. இப்போது நன்றாக இருக்கிறாள்.

தாள் ஒன்றுதான், பெண்ணும் ஒருத்திதான். இடமும் நேரமும் மாறியதால் 4 என்பது 15 ஆனது. இதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும், இத்திட்டத்தைக் கொண்டுவர நினைக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரிலும் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் கொண்டுபோய் விடுகிறோம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளில், சுற்றி அம்மாவும் சித்தியும் மாமியாரும் நிற்கும்போது தாளை நீட்டினால் எந்தப் பெண் என்ன எழுதுவாள்? மாமியார் வாசித்துக் காட்ட மருமகள் பதில் சொல்லும் காட்சியை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் செவிலியர்தான் கேட்க வேண்டும். அதுவும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த அளவுகோலின் தமிழ் வடிவம் 2005லேயே சரிபார்க்கப்பட்டு வெளியாகிவிட்டது. வேலூர் பக்கம் கிராமப்புறத்தில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவித்தவர்களில் 100க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது. தடுப்பூசிக்கு 6, 10, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் எப்படியும் வருகிறாள். 14ஆம் வாரத்தில் ஒரு தடவை, ஒன்பதாம் மாதத்தில் ஒரு தடவை அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால், புகுந்த வீட்டுக்குப் போன பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்பது தெரியும். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிகிறவளை அனுப்ப மருத்துவர் ஒருவர் இருக்கிறாரா என்பதை அதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அரசின் இலவச மனநல உதவி எண் 14416ஐயும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கட்டுரையின் அடியில் சிறு எழுத்தில் வேண்டாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பவளுக்கும் கண்ணில் படுகிற அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சைத்தாமா, ஜப்பான்