மீன்கொத்தியும் மூன்று நோட்டீஸ்களும்

மதிப்பிற்குரிய வரித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் பெயருக்கு நீங்கள் அனுப்பிய மூன்றாவது நோட்டீஸ் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முதல் இரண்டுக்கும் பதில் எழுதி, ரசீதுகளை இணைத்து, ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதை மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: இத்தனை கடிதங்களுக்கும் காரணமான அந்தத் தொகையில் என் கேமராவுக்கு ஒரு நல்ல மெமரி கார்டு வாங்க முடியாது.

வரி கட்ட மறுப்பவனல்ல நான். மாதச் சம்பளக்காரன், சம்பளம் என் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது. விடுமுறை நாட்களில் பறவைகளைப் படம் எடுப்பேன். அவற்றில் சிலவற்றை, இணையத்தில் படம் விற்கும் ஓர் அமெரிக்கத் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போதாவது யாராவது வாங்குவார்கள். அந்தச் சில்லறையைக்கூட மறைக்காமல் கணக்கில் காட்டினேன். காட்டியதுதான் வம்பாகிவிட்டது. காட்டாதவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று எழுதக் கை வருகிறது. எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நோட்டீஸ், தொகை ஒத்துப்போகவில்லை என்றது. எப்படி ஒத்துப்போகும்? படத்தை வாங்கியவர் கொடுத்தது ஒரு தொகை. தளம் தன் கமிஷனை எடுத்துக்கொண்ட பிறகு என் பேரில் எழுதியது இன்னொரு தொகை. நான் அமெரிக்கர் இல்லை என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் படிவத்தைக் கொடுக்காதவர்களுக்கு, அமெரிக்காவிலிருந்து வரும் உரிமத்தொகையில், அதாவது படத்தைப் பயன்படுத்தக் கொடுக்கும் பணத்தில், 30 சதவீதத்தை அந்நாட்டு வரியாகப் பிடித்துவிடுவார்கள். அப்படியொரு படிவம் இருப்பதே முதல் ஆண்டில் எனக்குத் தெரியாது. ஆகவே வங்கிக்கு வந்தது மூன்றாவது தொகை. மூன்றும் உண்மையானவை. எந்தத் தொகையை எழுத வேண்டும் என்று உங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டேன். முதல் மேசையில், இது பொழுதுபோக்கு, இதர வருமானத்தில் எழுதுங்கள் என்றார்கள். அடுத்த மேசையில், காசு வந்துவிட்டதே, இது தொழில்தான் என்றார்கள். இரண்டு மேசைக்கும் நடுவே நான்கடி தூரம்கூட இருக்காது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது நோட்டீஸில் இருந்த ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. “கேமராவின் மொத்தப் பயன்பாட்டில் வருமானம் ஈட்டுவதற்கான பயன்பாடு எத்தனை சதவீதம்?”

ஐயா, நியாயமான கேள்வி என்றே நானும் முதலில் நினைத்தேன். கேமராவின் தேய்மானத்தை, அதாவது ஆண்டுதோறும் குறையும் அதன் மதிப்பை, வருமானத்திலிருந்து கழிக்க வேண்டுமானால் சொந்த உபயோகம் வேறு, தொழில் உபயோகம் வேறு என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். அந்த ஆண்டில் எடுத்தவை 9,640 படங்கள். விற்றவை 11. வகுத்துப் பார்த்தால் 0.11 சதவீதம். அந்தக் கணக்குப்படி கேமராவுக்காக நான் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை, அதன் லென்ஸ் மூடிக்குக்கூடக் காணாது.

சரி, விற்ற படத்துக்காக எடுத்த மற்ற படங்களையும் சேர்க்கலாமே என்று ஆடிட்டர் சொன்னார். விற்ற 11 படங்களில் ஒன்று, மீன்கொத்தி தண்ணீருக்குள் பாயும் கணம். அதற்காக விடிவதற்கு முன்பே குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். பறவை கிளையில் தலையைச் சாய்த்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். பாயப் போகிறது என்று விரல் அழுத்தும்போது பாயாது. விரலை எடுத்த நொடியில் பாய்ந்துவிடும். ஷட்டரை நொடியில் 2,500-ல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடும்படி வைத்திருந்தும், பல படங்களில் கலங்கிய நீல நிறமும் தெறித்த தண்ணீரும்தான் மிஞ்சின. சிலவற்றில் வெறும் கிளை. அன்று மட்டும் 412 படங்கள். அலகு நீரைத் தொடும் படம் ஒன்றே ஒன்று. மீதி 411 படங்களும் தொழிலா, பொழுதுபோக்கா? படம் எடுக்கும்போது அது விற்கும் என்று எனக்கும் தெரியாது, மீன்கொத்திக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு அதிகம் பேர் வாங்கியது பறவைப் படமே அல்ல. மழை விட்டதும் வாசலில் காய வைத்திருந்த என் மகளின் குடை. வீட்டு நினைவுக்காக எடுத்தது. அதைச் சொந்த உபயோகத்தில் எழுதினால் பொய். தொழிலில் எழுதினால் அதுவும் பொய். உங்கள் படிவத்தில் மூன்றாவது கட்டம் இல்லை. ஆடிட்டர் இரண்டு மாலை இதோடு மல்லுக்கட்டினார். அவருக்குக் கொடுத்த கட்டணம் நான் படம் விற்றுச் சம்பாதித்ததைவிட அதிகம். அந்தக் கட்டணத்தையும் எத்தனை சதவீதம் என்று பிரிக்க வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஒரு வரம்பை வையுங்கள். அதற்குக் கீழே வரும் பொழுதுபோக்கு வருமானத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். வரம்பைத் தாண்டினால், ரசீதும் சதவீதமும் இல்லாமல் ஒரு நிலையான தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ள விடுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. பிரிட்டனில் 2017 ஏப்ரலிலிருந்து, செலவைக் கழிக்கும் முன் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரும் இத்தகைய சிறு வருமானத்தைப் பொதுவாகத் தெரிவிக்கவே தேவையில்லை. அதற்கு மேல் போனால், உண்மைச் செலவைக் கழிப்பதா, அந்த 1,000 பவுண்டையே கழிப்பதா என்பதை வரி கட்டுபவரே தேர்ந்தெடுக்கலாம். எந்தக் குளக்கரையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பதில்லை.

தயவுசெய்து அமெரிக்காவைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். அங்கே தொழிலா பொழுதுபோக்கா என்று தீர்மானிக்க ஒன்பது அம்சங்களைப் பார்க்கிறார்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறாரா, துறை அறிவு உண்டா, எவ்வளவு நேரம் உழைக்கிறார் என்று போகும் அந்தப் பட்டியலில், இதில் அவருக்குச் சொந்த மகிழ்ச்சி கிடைக்கிறதா என்பதும் ஒன்று. அப்படியானால் குளக்கரையில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார வேண்டும் போலிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு லாபம் வந்தால் தொழில் என்று கருதிக்கொள்வார்கள். குதிரை வளர்ப்புக்கும் பந்தயத்துக்கும் ஏழு ஆண்டுகளில் இரண்டு ஆண்டு போதும். குதிரை வைத்திருப்பவர்மேல் சட்டத்துக்கு எவ்வளவு பரிவு! பொழுதுபோக்கு என்று முடிவாகிவிட்டாலோ, 2018 முதல் வருமானத்துக்கு வரி உண்டு. பயணம், கருவி என்று செய்த செலவைக் கழிக்க வழியில்லை.

கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருப்பவர்களுக்குச் சலுகைத் திட்டமும், குடைப் படத்துக்கு மூன்று நோட்டீஸும் ஒரே துறையிலிருந்து வருவது எப்படி என்று கேட்க நினைத்தேன். ஆனால் நான் எழுத வந்தது அதற்கல்ல. பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: ஒரு வரம்பு, அதற்கு மேல் ஒரு நிலையான கழிவு. வரம்பு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வரி வர வேண்டியிருந்தால் அந்தக் கழிவுக்குப் பிறகு கணக்கிட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே கட்டிவிடுகிறேன். அதுவரை, நிலுவையில் உள்ள மூன்றாவது நோட்டீஸுக்குப் பதில் தரக் காலநீட்டிப்பும் கேட்கிறேன். அடுத்த ஆண்டுக்கான 7,300 படங்களை இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
வரி கட்டும் ஒருவன்

இணைப்பு: மீன்கொத்திப் படம் ஒன்று (விற்றது). மற்ற 411 படங்களும் தேவையென்றால் அனுப்பிவைக்கிறேன்.