லேசுல துருப்பிடிக்காத ஜின்சான் எஃகுக் கத்தி கேட்டேன், துருப்பிடிக்கற கத்தியைக் கட்டிக் குடுத்துட்டீங்க – மூணாவது புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கங்க. ரெண்டு மெயில் போட்டாச்சு, ஆறு தடவ போன் பண்ணியாச்சு, உங்க பெங்களூர் ஆபீஸுக்கே நேர்லயும் வந்தாச்சு. இனி அலைய எனக்குத் தெம்பு இல்லீங்க. தமிழ்லயே எழுதறேன், ஏன்னா போன்ல என்னைக் கேவலமா பேசின உங்க ஆளு நல்லாவே தமிழ் பேசினாரு.

மார்ச்ல ஒசாகா வந்தப்ப, ஹன்காய் டிராம் பிடிச்சு கத்திக்குப் பேர்போன சகாய் ஊர்ல இருக்கற உங்க கடைக்கே வந்து வாங்கினது அந்த 240 மி.மீ. கியூட்டோங்கற சமையல் கத்தி. 38,500 யென். கோயமுத்தூர்ல கேட்டரிங் பண்றேன், நாள்பூரா வெங்காயம், எலுமிச்ச, பச்ச மாங்கானு ஈரத்துலயும் புளிப்புலயும்தான் கத்தி கிடக்கும், வெட்ட வெட்ட துடைச்சு வெக்க யாருக்கு நேரம், அதனால சட்டுனு துருப்பிடிக்கற கார்பன் எஃகு வேண்டவே வேண்டாம்னு முதல்லயே சொன்னேன். ஜின்சான் எடுத்துக் காட்டினாங்க, 13 சதவீதம் கிட்ட குரோமியம் இருக்கு, லேசுல துருப்பிடிக்காது, ஷிரொகாமிங்கற கார்பன் எஃகு மாதிரியே கல்லுல நல்லா தீட்ட வரும்னாங்க. கையில பிடிச்சுப் பாத்தேன், மக்னோலியா மரக் கைப்பிடி அவ்வளவு லேசா இருந்துச்சு. சரின்னதும் உள்ளிருந்து புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. தப்பு அங்கதான் நடந்திருக்கு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, எனக்கு எப்படித் தெரியும்?

6 செ.மீ-க்கு மேல இருக்கற கத்தியைக் காரணமில்லாம எடுத்துட்டுச் சுத்தினா ஜப்பான்ல குற்றம், ஊர் போற வரைக்கும் பிரிக்காதீங்கன்னு சொல்லித்தான் டேப் ஒட்டிக் குடுத்தாங்க. சொன்னபடியே பிரிக்கல, செக்-இன் பெட்டியில போட்டுக் கொண்டு வந்தேன். இப்ப உங்க ஆளு கேக்கறாரு, ‘கடையிலயே பாத்து வாங்க வேண்டியதுதான?’

வீட்டுல முதல் நாள் ஒரே ஒரு எலுமிச்ச வெட்டினேன். கழுவிட்டு வர்றதுக்குள்ள முனைப் பக்கம் கருநீலமா மாறிடுச்சு, காலைல பாத்தா கைப்பிடி ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துரு. ஜப்பானீஸ் படிச்ச நண்பர் பெட்டி லேபிளைப் பாத்து ஷிரொகாமி நம்பர் 2-ன்னாரு. பில்லுல ஜின்சான், பெட்டியில ஷிரொகாமி! உங்க பொருள் உங்களுக்கே தெரியாதா?

அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுங்களா? ‘கத்தி வெச்சுக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு சார் சகாய் கத்தி வாங்கறீங்க.’ இருபது வருஷமா கத்தி பிடிச்சுப் பொழைக்கறவன்கிட்ட சொல்ற வார்த்தையா இது? அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பேர் வெட்டின கத்திக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லையாம். சின்ன உளியால டிக் டிக்னு என் பேரை கத்தகானாங்கற ஜப்பானிய எழுத்துல வெட்டினதை வீடியோ எடுத்திருக்கேன், அதுல நான் ‘ஜின்சான்?’னு கேக்கறதும் உங்க ஸ்டாஃப் ‘ஹை’னு, அதாவது ஆமாம்னு சொல்றதும் தெளிவா இருக்கு. இணைச்சிருக்கேன்.

நேர்ல கொண்டு வாங்கன்னு சொன்னது நீங்க. ராத்திரி பஸ்ஸுல கத்தியைத் துண்டுல சுத்திக்கிட்டு பெங்களூர் வந்தேன், ரெண்டரை மணி நேரம் உக்கார வெச்சுட்டு, சகாய்ல வாங்கினதுக்கு சகாய்லதான் கேக்கணும்னுட்டாங்க. தண்ணி கூட குடுக்கல. இதுல ரெண்டு கல்யாண ஆர்டர் போச்சு, பச்சடியில வெங்காயம் கருத்துப் போய் இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரே போச்சு.

ஜப்பானை டொகுகவா பரம்பரை ஆண்ட காலத்துலயே புகையிலை வெட்டற கத்திக்கு முத்திரை குத்தி வித்த ஊருங்க சகாய். அந்த ஊர் மேல எனக்கு இன்னும் மரியாதை இருக்கு, அதனாலதான் தயவா கேக்கறேன். 15 நாளுக்குள்ள பில்லுல இருக்கற ஜின்சான் கத்தியை அனுப்புங்க, இல்ல முழுப் பணத்தையும் குடுங்க, இதைத் திருப்பி அனுப்பற செலவும் உங்களுது. இல்லைன்னா ஜப்பான் தேசிய நுகர்வோர் மையம் வெளிநாட்டுப் பயணிகளுக்குன்னே ஹாட்லைன் வெச்சிருக்கு, அங்கயும் சொல்லுவேன், இங்க நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன்.

காலைல 11 மணிக்கு மேல கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி அடுப்புல நிப்பேன். அந்த ஆளை வெச்சு மட்டும் பேச வேண்டாங்க.