திருப்பிப் போட்ட பாட்டும் திரையில் எழுதிய வரியும்: வாலிபர் கூட்டம் நடத்தும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் ராக் இசையில் ஒளிந்திருக்கும் சாத்தானின் செய்திகளைப் பற்றிப் பேசப்போகிறீர்கள், லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டைத் திருப்பி ஒலிக்கவிட்டு அதில் வருவதாகச் சொல்லப்படும் 'இனிய சாத்தான்' போன்ற வார்த்தைகளை ப்ரொஜெக்டரில் காட்டப்போகிறீர்கள் என்று தெரிந்தது. கூட்டத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். அந்த வார்த்தைகளைத் திரையில் போடுவதற்கு முன்னால், திரையை அணைத்துவிட்டு ஒருமுறை ஒலிக்கவிடுங்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். யாரும் யாருடனும் பேசக்கூடாது, பக்கத்துத் தாளைப் பார்க்கக்கூடாது. திரையை அதற்குப் பிறகு போடுங்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று விளக்க, முதலில் ஒலி திரும்பும்போது என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். 'விகடகவி' என்ற சொல்லை எழுத்தில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். அதையே செல்பேசியில் பதிவுசெய்து திருப்பிப் போட்டால் விகடகவி வராது, 'இவகடகிவ்' போல ஒன்று வரும். 'வி' நமக்கு ஓர் எழுத்து. காதுக்கு அது வ், இ என்று இரண்டு ஒலி. திருப்பினால் இ முன்னால் வந்துவிடும், வ் பின்னால் போய்விடும். அதோடு முடியவில்லை. க், ட், ப் போன்ற வல்லின ஒலிகளில் வாய் முதலில் அடைபடும், பிறகு வெடித்துத் திறக்கும், அதன்பின் உயிரொலி விரியும். திருப்பிப் போடும்போது உயிரொலி மெல்ல ஊதிப் பெருத்துச் சட்டென்று அறுபடும். உலகத்தில் எந்த மொழியிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் குரல் மட்டும் மனிதக் குரலாகவே இருக்கிறது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடலாம். பேச்சு என்று தெரிகிறது, சொல் பிடிபடவில்லை. அந்த இடைவெளியில் மனம் தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறது.

பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள 'ரெவல்யூஷன் 9' இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு குரல் 'நம்பர் நைன்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைத் திருப்பினால் 'டர்ன் மீ ஆன், டெட் மேன்' என்று கேட்கிறது, அந்தக் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்பதற்கு இதுவே சாட்சி என்று 1969 அக்டோபரில் டெட்ராய்ட் வானொலி ஒன்றிலிருந்து வதந்தி பரவியது. ஒலியைப் பிரித்துப் பாருங்கள். 'நைன்' என்பதில் இருக்கும் 'ஐ' உண்மையில் அ-விலிருந்து இ-க்கு வழுக்கிச் செல்லும் ஒலி. திருப்பினால் இ-யிலிருந்து அ-வுக்குப் போகும், 'நியன்' என்று ஆகும். ஆங்கிலேயர் 'நம்பர்' என்பதன் கடைசி ர்-ஐ உச்சரிப்பதில்லை, அதனால் அது 'அப்மன்' என்று திரும்பும். 'நியன் அப்மன், நியன் அப்மன்'. இதற்குமேல் யாராவது 'டர்ன் மீ ஆன், டெட் மேன்' என்று காதில் போட்டுவிட்டால் போதும், மறுபடி அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இத்தனைக்கும் பால் மெக்கார்ட்னி அன்றும் உயிரோடு இருந்தார், அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பாடினார்.

அப்படியானால் திருப்பிப் பதித்த செய்தி என்று எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் பேச்சுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டேப் காலத்து ஸ்டுடியோவில் 24 ட்ராக் டேப்பின் (அதாவது, தனித்தனியாக ஒலி பதியும் 24 கோடுகள் கொண்ட டேப்பின்) இரண்டு சுருள்களையும் இடம் மாற்றி, டேப்பைத் தலைகீழாகப் போட்டு ஓட்டுவார்கள். பாட்டு பின்னிருந்து முன்னாக ஓடும். அதன்மேல் பேசவேண்டியதை மைக்கில் நேராகப் பேசிப் பதிவார்கள். பிறகு சுருள்களைப் பழையபடி மாற்றினால் பாட்டு நேராகிவிடும், பேச்சு தலைகீழாகிவிடும். இதில் ஒரு வழுக்கல் உண்டு. டேப்பைத் தலைகீழாகப் போட்டதும் 1ஆம் ட்ராக் 24ஆம் இடத்துக்குப் போய்விடும். 3ஆம் ட்ராக்கில் பதிய நினைத்தால் 22ஐத் தொடவேண்டும். எண்ணிப் பார்க்க மறந்து 3ஐயே தொட்டால், உண்மையான 22இல் டிரம்ஸோ குரலோ எது இருந்தாலும் அழிந்துவிடும். அதனால்தான் இந்த வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் 25இலிருந்து கழித்து எழுதி மேசையில் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

பீட்டில்ஸ் 1966இல் 'ரெயின்' பாட்டின் முடிவில் பாடிய குரலையே திருப்பிப் போட்டார்கள். எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா 1975இல் 'ஃபயர் ஆன் ஹை' தொடக்கத்தில், இசையைத் திருப்பலாம், காலத்தைத் திருப்ப முடியாது, திரும்பிப் போ என்று ஒரு கனத்த குரலில் பதித்தார்கள். பிங்க் ஃபிளாய்ட் 1979இல் 'எம்ப்டி ஸ்பேசஸ்' பாட்டில், ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று பதித்தார்கள். ஸ்லேயர் குழு 1985இல் 'ஹெல் அவெய்ட்ஸ்' தொடக்கத்தில், எங்களோடு சேர் என்று திரும்பத் திரும்பப் பதித்தது. இந்தக் கடைசி உதாரணம் உங்கள் தலைப்புக்கு நேராகவே பொருந்தும், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அடையாளம் உண்டு. நேராகக் கேட்டால் உளறல், திருப்பிக் கேட்டால் தெளிவான பேச்சு. யாரும் எழுதிக் காட்டாமலே விளங்கிவிடும். 'ஸ்டெயர்வே டு ஹெவன்' இதற்கு நேர்மாறு. 1971இல் வந்த அந்தப் பாட்டில் ராபர்ட் பிளான்ட் பாடுவது நேராகக் கேட்கும்போது தெளிவாக விளங்குகிறது. திருப்பும்போதுதான் குழறல். நேராகவும் கருத்துள்ள ஆங்கிலமாய், திருப்பினாலும் கருத்துள்ள ஆங்கிலமாய் நாலைந்து வரிகள் எழுதிப் பாடவேண்டுமென்றால், ஒவ்வோர் ஒலியும் இரண்டு வேலை செய்யவேண்டும். விகடகவி என்ற ஒற்றைச் சொல்லே ஒலியில் தேறவில்லை என்று மேலே பார்த்தோம்.

1982இல் கலிஃபோர்னியாவில் சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் இந்தப் பாட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள்.  அடுத்த ஆண்டு ஆர்கன்சாவில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவேண்டும் என்று மசோதாவே நிறைவேறியது. ஆளுநர் பில் கிளின்டன் ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பினார்.

வார்த்தைகளை முன்னால் காட்டாமல் கேட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வோக்கி, டான் ரீட் என்ற இரண்டு உளவியலாளர்கள். 1985இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. திருப்பிய ஒலிகளைக் கேட்கவைத்து, இது குழந்தைப் பாட்டா, கிறிஸ்தவச் செய்தியா, சாத்தானியச் செய்தியா, ஆபாசமா, விளம்பரமா என்று ஐந்து வகையாகப் பிரிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐந்தில் ஒன்று சரியாக வரும். அதற்குமேல் எவருக்கும் தேறவில்லை. பேசுவது ஆணா பெண்ணா என்று மட்டும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் ஒன்று 23ஆம் சங்கீதம். அதிலும் தேடித் தேடி வாசகங்களைப் பொறுக்கி, இது வருகிறதா பாருங்கள் என்று சொன்னதும் பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள்.

இனி, ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்யவேண்டியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டை எடுக்கவேண்டாம். பலமுறை சுருக்கப்பட்டு அதில் மெய்யொலிகளின் கூர்மை போயிருக்கும், கூர்மை போகப்போக எதுவும் எதுவாகவும் கேட்கும். அதோடு, பல துண்டுகளில் திருப்பியது போதாதென்று வேகத்தையும் குறைத்திருப்பார்கள். சிடியிலிருந்து எடுத்த, சுருக்கப்படாத வேவ் கோப்பு இருந்தால் நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, பாட்டு நடுவில் வேலிப்புதர் சலசலப்பு பற்றிய வரி வரும் இடத்திலிருந்து நாலைந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் ரிவர்ஸ் கொடுங்கள். வேகத்தையும் சுருதியையும் தொடாதீர்கள். துண்டை எங்கே வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'இனிய சாத்தான்' என்று சொல்லப்படும் இடத்தை மட்டும் மூன்று நொடிக்கு நறுக்கி எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள குழறல் மறைந்துவிடும், வார்த்தை தனியாகத் துருத்தும். 8 நிமிடப் பாட்டில் கிட்டத்தட்ட 480 நொடி இருக்கிறது, எந்த நொடியிலிருந்தும் மூன்று நொடி வெட்டலாம் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று முறைக்குமேல் ஒலிக்கவும் வேண்டாம். ஒரே ஒலியை விடாமல் சுழலவிட்டால் அது தானாகவே வேறு வேறு சொல்லாக மாறிக் கேட்கும், நேரான பேச்சுக்கே இப்படி ஆகும். ஆலயத்துக்குள் எதிரொலி அதிகம், ஆகவே பக்கத்து அறையில், பேச்சாளர் நிற்கும் தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கச் செய்யுங்கள்.

இதே முறையில் இன்னொரு துண்டும் தயார்செய்யுங்கள். சபையில் நல்ல குரல் உள்ள யாராவது, 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்' என்று தொடங்கி அந்தச் சங்கீதம் முழுவதையும் வாசிக்கட்டும். திருப்பிப் போட்டால் 'என் மேய்ப்பர்' என்பது 'ரப்ப்யேம்னெ' போல வரும். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டால் தமிழ் மாதிரி ஒலிக்கும் இடங்கள் இரண்டு மூன்றாவது அகப்படும். அதில் ஒன்றுக்கு அதே அசை எண்ணிக்கையில் ஒரு வாசகத்தை நீங்களே எழுதுங்கள். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அதைத் திரையில் காட்டிக் கேட்கவையுங்கள், மீதிப்பேர் வெளியே நிற்கட்டும். பிறகு வெளியே நின்றவர்களை வாசகம் இல்லாமல் கேட்கவைத்து, இரண்டு கட்டுத் தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மறைபொருள் வித்தைக்கும் ராக் இசைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை, அண்ணா. அப்படிச் சொன்னால் அது பொய். அலெஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேய மந்திரவாதியின் முகம் பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' அட்டையில் பின்வரிசையில் இடது ஓரமாக இருக்கிறது. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ், லாக் நெஸ் ஏரிக்கரையில் குரோலி வாழ்ந்த போல்ஸ்கைன் வீட்டையே வாங்கினார். அவர்களுடைய 1970ஆம் ஆண்டு மூன்றாவது இசைத்தட்டின் முதல் பதிப்புகளில், பாட்டு முடிந்து நடு வட்டத்துக்கு முன் வரும் வெற்றுப் பள்ளத்தில், 'உன் சித்தப்படி செய்' என்ற குரோலியின் வாசகம் கீறப்பட்டிருக்கிறது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணுக்கே தெரியும். இசைத்தட்டைத் திருப்பிக் கேட்கும் பயிற்சியைக்கூடக் குரோலி தன் சீடர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அது மனதைப் பின்னோக்கி நினைக்கப் பழக்குவதற்கு, செய்தி ஒளிப்பதற்கு அல்ல. இவை எல்லாம் வெளிப்படையாகவே இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசுங்கள், யாரும் மறுக்க முடியாது.

பிளாக் சாபத் என்ற ராக் குழுவின் 1970ஆம் ஆண்டுப் பாட்டில் வரும் 'சாத்தானின் சுரத்தை'யும் சேர்க்கப்போவதாக இருந்தால் கவனம். ஷட்ஜத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு உள்ள தூரம் சரியாக நம் பிரதி மத்திமம். கல்யாணி ராகத்தில் நாள்தோறும் பாடுகிறோம். முன்வரிசையில் பாட்டு கற்கும் பிள்ளை ஒன்று இருந்தாலும் எழுந்து கேட்டுவிடும்.

கடைசியாக ரீனோ நகரத்து வழக்கு. 1985 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், 18, 20 வயதுள்ள இரண்டு பையன்கள் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் குழுவின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உயிரை விடத் துணிந்தார்கள். ஒருவன் அன்றே போய்விட்டான். மற்றவன் பெருங்காயத்தோடு பிழைத்து, மூன்று ஆண்டுகளுக்குப் பின் இறந்தான். 'பெட்டர் பை யூ, பெட்டர் தான் மீ' பாட்டுக்குள் 'செய்துவிடு' என்ற சொல் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1990இல் ரீனோ நீதிமன்றத்தில் மூல டேப்பின் ட்ராக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார்கள். அந்த ஒலி இருப்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் பாடகர் மூச்சை விடும் ஒலியும் கிடாரின் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்து பிறந்தது அது, யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல என்று தீர்ப்பளித்தார். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தன் பாட்டுகளையே திருப்பிப் போட்டு, 'அம்மா பாருங்க, என் நாற்காலி உடைஞ்சிருக்கு' என்று வருவதை நீதிமன்றத்தில் காட்டினார். அந்தப் பையன்களின் வீட்டுத் துன்பமும் குடியும் போதைப்பழக்கமும்கூட அங்கே பேசப்பட்டன. அவை எல்லாம் நேராகவே கேட்கக்கூடியவை.

நம் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ராத்திரியெல்லாம் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கிடந்தால், எந்தப் பாட்டு என்று கேளுங்கள், அதன் வரிகளை நேராக வாசித்துப் பாருங்கள். ஏன் அந்தப் பாட்டு பிடிக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். உங்கள் கூட்டத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கைவசம் இருக்கட்டும் என்று, சனிக்கிழமை மதியத்துக்குள் நானும் திருப்பிய இரண்டு துண்டுகளையும், வாசகம் இல்லாமல், வேவ் கோப்பாக அனுப்பிவிடுகிறேன். 40 தாளும் பென்சிலும் நீங்கள் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி