கொட்டானில் வைத்த மாத்திரை

அன்புள்ள வள்ளி,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடவில்லை என்று மூக்குத்தியிடம் போய்ப் புலம்பினாயாமே, அவள் ஒன்றுக்குப் பத்தாகச் சேர்த்துச் சொல்லிவிட்டாள். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. அவர் முழங்கால் வலியோடு கடைக்குப் போய்வருகிறார். வீட்டுச் சேதி அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

நம் தையல்கார அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதடி. ஆடி மாசக் கடைசி வெள்ளிக்கு முதல் நாள் ராத்திரி. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. பார்க்கப் போனேன். தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. எடுத்துப் பார்த்தால், வீடு வீடாக மாத்திரை கொடுக்கிற என் வேலையில் நான் மாசாமாசம் கொண்டுபோய்க் கொடுத்த பிரஷர் மாத்திரை. மூன்று மாச அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. என் நோட்டில் அந்த மூன்று மாசமும் அவர் பெயருக்கு நேரே ‘கொடுத்தாச்சு’ என்று டிக் அடித்திருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை திட்டினேன்! யோசிக்க யோசிக்கத்தான் வேறு மாதிரி தெரிந்தது. பிரஷர் ஏறினால் பக்கவாதம் வரும் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் அப்பாவே அப்படித்தானே படுக்கையில் கிடந்தார். பிரஷருக்கு வலி கிடையாது. தைக்க வேண்டிய ரவிக்கை ஆறு மேசையில் கிடக்கிறது, மாத்திரையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ‘நாளைக்கு’ மூன்று மாசம் ஓடிவிட்டது.

ஆவணியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்தை அறிவியல் என்று பெயர், ஜனங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு. அதில் கேட்ட ஒரு சேதி இன்னும் மனசில் சுற்றுகிறது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எல்லாம் சேர்ந்து குழந்தைகள் தடுப்பூசி பற்றி ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். 2019-ல் நோபல் வாங்கினார்களே, அவர்கள்தான். சும்மா விட்ட ஊர்களில் எல்லா ஊசியும் போட்டு முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 6 பேர். மாசம் தவறாமல் ஊருக்கே முகாம் வந்த இடங்களில் 18. முகாமுக்கு வந்த தாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்குச் செலவு செய்தும், ஒரு குழந்தைக்கு முழுசாக ஊசி போட்டு முடிக்க ஆன செலவு பாதியாகக் குறைந்ததாம். ஒரே நர்சம்மா அதே நாளில் இன்னும் பல பிள்ளைகளைப் பார்த்துவிடுகிறார் அல்லவா! ஊசி கெடுதல் என்று உறுதியாக நம்புகிற தாய் ஒரு கிலோ பருப்புக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாளா? வந்தவர்கள் எல்லாம் நம் அண்ணன் மாதிரி தள்ளிப்போட்டவர்கள்தான்.

பயிற்சி முடிந்த மறுநாள், மாத்திரை கொடுத்தும் சரியாகப் போடாத மேலத்தெரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அந்த வீடு உனக்கு மறக்குமா? வளவுத் தூண் ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்து விளையாடுவோமே! இப்போது ஆச்சி ஒருத்திதான், வீட்டின் ஒரு பகுதியில் மட்டும் விளக்கு எரிகிறது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. “மாத்திரையை எங்கே வச்சிருக்கீக, காட்டுங்க ஆச்சி” என்று மட்டும் கேட்டேன். இரண்டாங்கட்டு அறைக்குள் கூட்டிப்போய், பீரோவைத் திறந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார்கள். உள்ளே அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. “உடம்பு நல்லா இருக்கறப்பவே எல்லாத்தையும் தின்னு தீத்துட்டா, முடியாதப்ப என்ன ஆத்தா செய்யறது?” என்றார்கள். மாத்திரையைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், வள்ளி! புளியையும் மிளகாயையும் வருஷத்துக்கு வாங்கி வைத்தே குடும்பம் நடத்தியவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? நான் ஒட்டிய நோட்டீஸ் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

காலையில் தவறாமல் செய்வது என்ன என்று கேட்டேன். குளித்ததும் திருநீறு பூசுவது. அந்தத் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓலைக் கொட்டான் வைத்து, அதில் ஒரே ஒரு அட்டை. “மிச்சம் என்னிடம் இருக்கு, தீர்ந்ததும் அடுத்தது வரும், இது சேர்த்து வைக்கிற சாமான் இல்லை ஆச்சி” என்று சொல்லி வந்தேன். கொட்டானை எடுத்துக் கொடுத்தது அவர்கள்தான், அவர்களே பின்னியது. நாற்பது நாளாகிறது. போகும்போதெல்லாம் அட்டையை எண்ணிப் பார்க்கிறேன், கணக்குச் சரியாக இருக்கிறது.

இதெல்லாம் ஜனங்களைத் தெரியாமல் தள்ளிவிடுகிற தந்திரம் என்று போனில் சண்டை போட்டாயே. பயிற்சியிலேயே நானும் அதைக் கேட்டேன். ஆச்சிக்கு அந்தக் கொட்டான் எதற்கு அங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், வேண்டாம் என்றால் எடுத்துப் பீரோவில் வைத்துவிடலாம். இதில் தந்திரம் எங்கே இருக்கிறது, சொல். ஆனால் உன் பேச்சில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாத்திரை வரத்தே நின்றுபோனால் ஆயிரம் கொட்டான் வைத்தும் பிரயோசனமில்லை. 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகுதான் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போகிறோம். அதற்கு முன்னால் இதே ஆச்சி இந்த மாத்திரைக்காகப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றார்கள். அப்போது மாத்திரை விட்டுப்போயிருந்தால் அது அவர்கள் குற்றமா?

இன்னொன்றும் செய்கிறேன். கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னால் எல்லாரும் “ஆகட்டும்” என்பார்கள், போகமாட்டார்கள். இப்போது எந்தக் கிழமை, எந்த பஸ், யார் கூட வருவார்கள் என்று கேட்டு, அவர்கள் கையாலேயே காலண்டரில் எழுதவைக்கிறேன். அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் ஃப்ளூ ஊசிக்கு இப்படி நாளும் நேரமும் எழுதச் சொல்லாதவர்களில் நூற்றுக்கு 33 பேர் ஊசி போட்டார்களாம், எழுதச் சொன்னவர்களில் 37 பேர். பயிற்சியில் பக்கத்தில் இருந்தவள் “நாலுதானா” என்றாள். எனக்கு அந்த நாலில் ஒருத்தராக அண்ணன் முகம்தான் தெரிந்தது.

அண்ணன் இப்போது இடது கையால் ஊசி கோர்க்கப் பழகுகிறார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் அண்ணி. பொங்கலுக்கு நீ கொடுத்துப் போன நீல ரவிக்கைத் துணி வெட்டினபடியே அவர் மேசையில் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம், நானே தைத்துத் தருவேன் என்று குழறிக் குழறிச் சொன்னார். என்ன சொல்லட்டும்?

உன்
மீனா